குதிகாலின் சுமையைப் பங்குபோடும் இன்சோல்

குதிகால் வலிக்கிறது என்று வீட்டில் சொன்னால், செங்கல்லைச் சூடாக்கி அதன்மேல் எருக்க இலையை வைத்து மிதிக்கச் சொல்வார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்ற பதில் கிடைக்கும். மருந்துக் கடைக்காரர் சிலிகான் ஹீல் பேட் ஒரு ஜோடியை எடுத்து நீட்டுவார். பாதத்தை ஸ்கேன் செய்து அளவெடுத்துத் தரும் இன்சோலுக்குப் பல ஆயிரம் ரூபாய் விலை சொல்லும் இடங்களும் நகரங்களில் வந்துவிட்டன. காசு கொடுத்து வாங்கிய இன்சோலால் ஒருவருக்கு ஒரே வாரத்தில் நிம்மதி கிடைக்கிறது. இன்னொருவருக்கு வலி கூடிவிடுகிறது. பாதம் உடலின் எடையை எப்படித் தாங்குகிறது என்று பார்த்தால், இந்த வித்தியாசத்துக்குக் காரணம் புரியும்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. உட்பக்கத்தில் இவை சேர்ந்து ஒரு வில்லைப்போல வளைந்து நிற்கின்றன. அந்த வில்லின் நாண், தோலுக்கும் கொழுப்புக்கும் மேலே இருக்கும் தடித்த நார்ப்பட்டை. மருத்துவர்கள் இதை பிளாண்டர் ஃபேஸியா என்கிறார்கள். குதிகால் எலும்பின் அடியில், உட்பக்கமாகத் தொடங்கி, விசிறியாகப் பிரிந்து ஐந்து விரல்களின் அடிவரை ஓடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு காலை மறு தொடைமேல் போட்டு, பெருவிரலைக் கையால் மேல்நோக்கி வளைத்துப் பாருங்கள். உள்ளங்காலில் ஒரு கயிறு விறைத்து எழும்புவது மறு கையின் கட்டைவிரலுக்குத் தட்டுப்படும். பாதத்தின் வளைவும் கூடவே உயரும். நடையில் குதிகாலைத் தூக்கி விரலை ஊன்றி உந்தும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது. விரல் மேலே மடங்க, நார்ப்பட்டை விரலடி எலும்பின் உருண்டைத் தலையைச் சுற்றி இழுபடுகிறது. அதனால் குதிகாலுக்கும் விரலுக்கும் இடைப்பட்ட தூரம் சுருங்கி, தளர்வாக இருந்த பாதம் உந்துவதற்கு ஏற்ற விறைப்பைப் பெறுகிறது. 1954இல் ஜே. எச். ஹிக்ஸ் இதை விளக்கி எழுதினார். பாதம் இயங்கும் விதம் பற்றிய பாடம் இன்றும் இதில்தான் தொடங்குகிறது.

அந்தப் பட்டை குதிகால் எலும்பில் ஒட்டியிருக்கும் இடம்தான் பெரும்பாலான குதிகால் வலியின் இருப்பிடம். பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. அடையாளம் காண்பது எளிது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குத்தும். பத்திருபது அடி நடந்ததும் தணியும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்தும். ‘பிளாண்டர் ஃபேஸியைட்டிஸ்’ என்ற நோயின் பெயரில் அழற்சி இருந்தாலும் உள்ளே அழற்சி அதிகமில்லை. அமெரிக்காவில் ஹார்வி லெமான்ட் குழுவினர், அறுவையில் எடுத்த திசுக்களைப் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், அழற்சிக்குரிய அணுக்களைவிட நார்களின் தேய்வும் சிதைவும்தான் தெரிந்தன. மீண்டும் மீண்டும் இழுபட்டு, ஆறுவதற்கு அவகாசம் கிடைக்காத நார் அது. எக்ஸ்ரேயில் தெரியும் கூர்மையான ‘வளர்ந்த எலும்பு’ மேல் பழி போடுவது பெரும்பாலும் தவறு. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. வலி போன பிறகும் அது அங்கேயே இருக்கிறது. ஒரு படத்தைக் காட்டி, எலும்பைச் செதுக்கினால்தான் தீரும் என்று பயமுறுத்தப்பட்ட எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

இப்போது இன்சோலுக்கு வருவோம். அது செய்யும் முதல் வேலையை ஒரு வகுத்தல் கணக்கில் சொல்லிவிடலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு காலின் குதிகாலை மட்டும் கடினமான தரையில் ஊன்றுகிறார். தரையைத் தொடும் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2.4 கிலோ சுமை. குதிகாலைச் சுற்றி ஏந்திக்கொள்ளும் கிண்ண வடிவ ஹீல் கப் வைத்து, தொடும் பரப்பை 40 சதுர சென்டிமீட்டராக்கினால் அது 1.5 கிலோவாகக் குறைகிறது. எடை குறையவில்லை, பங்கு மாறியிருக்கிறது. வளைவின் அடியில் ஒரு தாங்கலைக் கொடுத்தால், வெறுந்தரையில் எதையும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்த நடுப்பாதமும் சுமையில் பங்கெடுக்கிறது. வில் அமுங்கித் தட்டையாவது குறைவதால், நார்ப்பட்டை இழுபடுவதும் ஓரளவு குறைகிறது.

கிண்ணத்தின் சுவருக்கு இன்னொரு பயனும் உண்டு. குதிகாலின் அடியில் சிறு சிறு அறைகளாகப் பிரிந்த கொழுப்பு மெத்தை இருக்கிறது. வயதாக ஆக அது மெலிந்து, மிதிக்கும்போது பக்கவாட்டில் பிதுங்குகிறது. சுவர் அதைப் பிதுங்கவிடாமல் எலும்புக்கு அடியிலேயே நிறுத்துகிறது. மிக மெத்தென்ற பஞ்சு இதைச் செய்யாது. கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து, ‘ஆகா, எவ்வளவு மென்மை’ என்று வாங்கும் இன்சோல், உடல் எடை ஏறியதும் ஒரேயடியாக அமுங்கித் தரையோடு தரையாகிவிடும். எடை ஏறிய பிறகும் கொஞ்சம் மிச்சமிருக்கும் உறுதி வேண்டும். ஈ.வி.ஏ. நுரை, நுண்ணறை ரப்பர், சிலிகான், உறுதியான பாலிப்ராப்பிலீன் ஓடு என்று பல பொருள்களை அடுக்கடுக்காகச் சேர்ப்பது இதற்காகத்தான்.

சுமையைத் தவறான இடத்துக்கு மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முன்பாத வலி நல்ல உதாரணம். விரல்களின் அடியில், இரண்டாவது மூன்றாவது எலும்பின் தலைப்பகுதியில், கூழாங்கல்லை மிதித்ததுபோல வலிக்கும். இதற்கு மெட்டடார்சல் பேட் என்ற சிறு மேடு ஒன்றை இன்சோலில் ஒட்டுவார்கள். வலிக்கும் இடத்தின் மேலேயே அதை ஒட்டத் தோன்றும். அப்படிச் செய்தால், ஏற்கனவே நசுங்கும் எலும்பின் கீழ் இன்னொரு கல்லை வைத்ததாகிவிடும். மேடு அந்த எலும்புத் தலைக்குச் சற்றுப் பின்னால், எலும்பின் கழுத்துப் பகுதிக்குக் கீழே வர வேண்டும். அப்போதுதான் அது கழுத்தைத் தாங்கித் தலைக்கு ஓய்வு கொடுக்கும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க நிபுணர்கள் கையாளும் வழி மிக எளிமையானது. வலிக்கும் புள்ளியில் கொஞ்சம் லிப்ஸ்டிக் தடவி, இன்சோலின் மேல் காலை வைத்து ஓரடி நடக்கச் சொல்வார்கள். இன்சோலில் சிவப்புப் பொட்டு பதியும். மேட்டின் முன்விளிம்பு அந்தப் பொட்டுக்குப் பின்னால் வரும்படி ஒட்டுவார்கள். அரை சென்டிமீட்டர் முன்னே நகர்ந்தால் வலி கூடும். பின்னே நகர்ந்தால் குறையும். பொருள் அதே பொருள்தான், விலையும் அதே விலைதான். ஒருவருக்கு உதவிய இன்சோல் இன்னொருவரை வதைப்பதன் ரகசியத்தில் பாதி இந்த அரை சென்டிமீட்டரில் இருக்கிறது.

அடுத்த பாதி ஒரு பழைய நம்பிக்கையோடு தொடர்புடையது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், இன்சோல் என்பது கோணலான பாதத்தை நேராக்கும் கருவி என்றே மருத்துவர்கள் எண்ணினார்கள். அமெரிக்கப் பாத மருத்துவர் மெர்டன் ரூட்டும் அவருடைய சகாக்களும் 1977இல் எழுதிய நூல் அந்த எண்ணத்துக்கு ஒரு முழுமையான முறையைக் கொடுத்தது. கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டை ‘நடுநிலை’யில் நிறுத்தி, மாவுக்கட்டில் அச்செடுத்து, அந்த நிலையிலேயே பாதத்தைப் பிடித்துவைக்கும் ஓடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அந்த முறையில் செய்த இன்சோல்களால் நிறையப் பேருக்கு வலி குறைந்தது உண்மை. ஆனால், எலும்பு உண்மையிலேயே நேராகியதா என்று அளந்து பார்த்தபோது வேறு விடை கிடைத்தது. 2000இல் அலெக்ஸ் ஸ்டாக்காஃப் குழுவினர், ஒப்புக்கொண்ட ஐந்து பேரின் குதிகால் எலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் மெல்லிய ஊசிகளைப் பதித்து, இன்சோலோடும் இல்லாமலும் ஓடச் சொல்லி அசைவை அளந்தார்கள். இன்சோலால் எலும்பின் அசைவில் உண்டான மாற்றம் சிறியது. அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பென்னோ நிக் இன்னொரு பக்கமிருந்து இதை அணுகினார். அவருடைய குழு ராணுவத்தினரிடம் ஆறு வகை இன்சோல்களைக் கொடுத்து, தமக்கு வசதியானதை அவரவரே தேர்ந்தெடுக்கச் சொன்னது. எல்லோரும் ஒன்றையே எடுக்கவில்லை. தேர்வு பரவலாக இருந்தது. தேர்ந்தெடுத்ததைப் போட்டுக்கொண்டவர்களுக்குக் கால் காயங்கள் குறைந்தன. ஒவ்வொரு உடலுக்கும் தனக்குப் பழக்கமான ஓர் அசைவுப் பாதை இருக்கிறது. அதை மறிக்காமல் உதவும் காலணியைத்தான் உடல் ‘வசதி’ என்று உணர்கிறது என்பது நிக்கின் கருத்து. எனக்கு இந்த விளக்கம் மிகவும் ஏற்புடையதாக இருக்கிறது. வலிக்கிற பாதத்துக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. புதிய இன்சோலை முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அணிந்து பார்த்து, இரண்டு வாரத்துக்குப் பிறகும் அது உறுத்தினால், ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்ற சமாதானத்தை ஏற்கத் தேவையில்லை.

குழந்தைகளின் தட்டைப் பாதத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். டென்னிஸ் வெங்கர் குழுவினர் 129 குழந்தைகளை வைத்து, மூன்று ஆண்டுகள் சிறப்புக் காலணியும் இன்சோலும் கொடுத்துச் சோதித்து 1989இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாப் பிரிவுகளிலும் வளைவு மேம்பட்டது. சிகிச்சை பெறாதவர்களுக்கும் அப்படியே. 1992இல் உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் இந்தியாவில் 2,300 குழந்தைகளின் பாதத்தடங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காடுதான். வலியில்லாமல் ஓடியாடும் பிள்ளையின் தட்டைப் பாதத்துக்கு இன்சோல் வாங்கப் பணம் செலவழிக்கும் பெற்றோருக்கு இந்த எண்களை யாராவது முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டும்.

சரி, அளவெடுத்துச் செய்தது நல்லதா, கடையில் வாங்குவது போதுமா? ஆஸ்திரேலியாவில் கார்ல் லேண்டார்ஃப் குழு 135 குதிகால் வலிக்காரர்களை மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குப் பெயரளவிலான மெல்லிய நுரை, ஒன்றுக்குக் கடைச் சரக்கு, ஒன்றுக்கு அளவெடுத்துச் செய்தது. மூன்று மாதத்தில் பின்னவை இரண்டும் சற்று முன்னே நின்றன. அவை இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஒரு வருட முடிவில் மூன்று பிரிவினருமே ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். அமெரிக்காவில் 1999இல் க்ளென் ஃபெஃபர் தலைமையில் 236 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் வியப்பானது. நீட்டிப்புப் பயிற்சியோடு சிலிகான் ஹீல் பேட் போட்டவர்களில் 95 விழுக்காட்டினர் எட்டு வாரத்தில் தேறினார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களில் 72 விழுக்காடு. பயிற்சியோடு அளவெடுத்த விலையுயர்ந்த இன்சோல் போட்டவர்களில் 68 விழுக்காடு. ஆகவே குதிகால் வலிக்கு முதலில் விலை குறைந்ததை வாங்கிப் பார்ப்பதே அறிவுடைமை. பாதத்தின் வடிவம் வழக்கத்துக்கு மிக மாறாக இருப்பவர்கள், மூட்டுவாதத்தால் விரல்கள் விலகியவர்கள், கீழே நாம் பார்க்கப்போகும் உணர்விழந்த பாதக்காரர்கள் ஆகியோருக்கு அளவெடுத்துச் செய்வது அவசியமாகலாம்.

நார் ஆறுவதற்கு இன்சோல் அவகாசம் வாங்கித் தருகிறது. ஆற்றுவது வேறு. காலையில் இறங்கும் முன்பே, பெருவிரல் உட்பட எல்லா விரல்களையும் முழங்காலை நோக்கி இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்து, பத்து முறை செய்வது ஒரு பயிற்சி. மைக்கேல் ராத்லெஃப் டென்மார்க்கில் சோதித்தது இன்னொன்று. படியின் விளிம்பில், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குவது, ஒருநாள் விட்டு ஒருநாள். 2015இல் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் இது நீட்டிப்புப் பயிற்சியைவிட மேலாக இருந்தது. இரண்டு பிரிவினரும் இன்சோல் அணிந்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் வலி அடங்கிவிடுகிறது. இரவில் ஓய்விலும் வலித்தால், வீக்கமோ காய்ச்சலோ மரத்துப்போதலோ இருந்தால், இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்துக் காலையில் முதுகும் விறைத்திருந்தால், இன்சோலைத் தேடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் ஒருவருக்கு எந்த இன்சோலைக் கொடுத்தாலும் அது பாதி மருந்துதான். ஜவுளிக்கடை விற்பனையாளர்கள் பல மணி நேரம் உட்காரவே முடியாத நிலை இங்கே நெடுங்காலம் இருந்தது. கேரளத்தைத் தொடர்ந்து தமிழ்நாடும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. குதிகால் வலியைப் பொறுத்தவரை அந்த நாற்காலியும் ஒரு சிகிச்சைதான். எந்த ஹீல் பேடையும்விட வலுவானது என்றே சொல்வேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வலிக்கிற பாதத்தைப் பற்றி. வலிக்காத பாதம் இன்னும் ஆபத்தானது. நீரிழிவு நீண்டகாலம் நீடித்தால், கால் நரம்புகள் கெட்டு உள்ளங்கால் மரத்துப்போகிறது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் மதிப்பீட்டில் இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் 10.1 கோடி. மரத்த பாதத்தில் செருப்பில் ஏறிய ஆணி தெரியாது. சூடான செங்கல்லும் எருக்க இலையும் தோலைப் பொசுக்குவது தெரியாது. உணர்வுள்ளவருக்கு இதமளிக்கும் அதே வைத்தியம் இவருக்குக் கொப்புளமாகி, புண்ணாகி, விரலை எடுப்பதில் போய் முடியலாம். முள்ளும் சூடும் இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. ஒரே புள்ளியில் மிதமான அழுத்தம் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை விழுந்தாலே தோல் தடித்து, அடியில் திசு நசிந்து, ஒருநாள் திறந்துகொள்கிறது. உணர்வுள்ளவர் தம்மை அறியாமலே காலை மாற்றி ஊன்றி, நொண்டி, உட்கார்ந்து அந்தப் புள்ளியைக் காப்பாற்றிக்கொள்வார். மரத்த காலுக்கு அந்த வசதி இல்லை.

இதை உலகுக்கு முதலில் தெளிவாக எடுத்துச்சொன்னவர்களில் ஒருவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் பாதம் நோயின் இயல்பிலேயே அழுகிப்போகிறது என்று நம்பப்பட்ட காலம் அது. உணர்ச்சியற்ற பாதத்தில் அழுத்தமும் காயமும் கவனிக்கப்படாமல் போவதே புண்ணுக்குக் காரணம் என்று அவர் கண்டார். அந்தப் பணியின் வழியாக வேலூரில் உருவானதுதான் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர் உள்தளம். முள் ஏறாத கடினமான அடித்தளம். இரண்டையும் பசையால் ஒட்டுவார்கள், ஆணி அடிக்கக் கூடாது. நழுவி விழுந்தாலும் தெரியாது என்பதால் பின்பக்க வார் கட்டாயம். மருத்துவமனைகளில் இன்று நீரிழிவுக்காரர்களுக்கு எழுதிக்கொடுப்பதும் அதன் வழிவந்ததுதான்.

சென்னை ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதன் குழு, ஏற்கனவே பாதப் புண் வந்து ஆறியவர்களைப் பின்தொடர்ந்து 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இத்தகைய சிகிச்சைச் செருப்பு அணிந்தவர்களில் 4 விழுக்காட்டினருக்குப் புதிதாகப் புண் வந்தது. தங்கள் வழக்கமான செருப்பையே போட்டவர்களில் 33 விழுக்காடு. ஓர் எளிய செருப்புக்கு இந்த அளவு பலன் இருக்கும்போது, வலியில்லாத குழந்தையின் பாதத்துக்கு ஸ்கேனரும், மரத்த காலோடு வரும் கூலித் தொழிலாளிக்கு வெறும் அறிவுரையும் என்று நம் வசதிகள் பங்கிடப்படுவது பெரிய அநீதி.

மரத்த பாதத்தின் உரிமையாளரிடம் ‘வசதியாக இருக்கிறதா’ என்று கேட்டுப் பயனில்லை. அளக்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். முன்பு புண் வந்தவருக்கு, காலணிக்குள் அழுத்தத்தை அளக்கும் மெல்லிய தகட்டை வைத்து நடக்கச் சொல்வார்கள். எந்தப் புள்ளியிலும் அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும்; அல்லது பழைய நிலையிலிருந்து 30 விழுக்காடாவது குறைய வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். அந்தத் தகடு இல்லாத ஊர்களில், தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் வீட்டில் இருப்பவரின் கண்தான் கருவி. ஓரிடத்தில் சிவந்திருந்தால் அங்கே அழுத்தம் சேர்கிறது என்று அர்த்தம். உள்தளத்தை விரலால் அமுக்கினால் அமுங்க வேண்டும், விட்டதும் எழும்ப வேண்டும். எழும்பாமல் படிந்துபோயிருந்தால் செருப்பு பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றியாக வேண்டும்.

நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், புண் வந்து ஆறிய நோயாளிகளின் காலணியில் உணர்கருவி பொருத்தி, எப்போதெல்லாம் அணிகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். வெளியே போகும்போது வைத்த அடிகளில் 87 விழுக்காட்டில் காலணி இருந்தது. வீட்டுக்குள் 61 விழுக்காட்டில்தான். நடந்த அடிகளோ வீட்டுக்குள்தான் அதிகம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடும் நம் வீடுகளில், டைல்ஸ் தரையும் அடுப்படி நிற்றலும் முழுக்க வெறுங்காலுக்குத்தான். குதிகால் வலியோடு சமைப்பவருக்கு மெத்தென்ற வீட்டுச் செருப்பு ஒன்று வேண்டும். மரத்த பாதமுள்ளவருக்குத் தெருவுக்கு ஒரு ஜோடி, வீட்டுக்குள் மட்டும் போட இன்னொரு ஜோடி என்று இரண்டு எம்.சி.ஆர். செருப்புகளை மருத்துவரிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.